நடுக்கடல் பூசை

வயல் என்றுதான் நினைத்தேன். அறுப்பு முடிந்து ஆளில்லாமல் கிடக்கிற பெரிய வயல், அதன்மேல் பனி விழுந்து மூடிவிட்டது என்று. இந்தப் பின்லாந்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து கண்ணுக்கு வெள்ளையைத் தவிர வேறொன்றும் தட்டுப்படவில்லை. மரம் வெள்ளை, கூரை வெள்ளை, தெருவில் நிறுத்தியிருக்கிற கார்கள் தலையோடு போர்த்திப் படுத்திருக்கிற ஆட்கள் மாதிரி, அதனால் இது வயலா மைதானமா என்று கேட்கவும் தோன்றவில்லை. காரின் பின்சீட்டில் நானும் என் மகள் ஜாஸ்பினும். முன்னால் ஐலா ஓட்டுகிறாள். ஜாஸ்பின் நர்சு வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இவளும் நர்சு, என் வயசுதான் இருக்கும், தலைமுடி இந்தப் பனியைப் போலவே நரைத்திருக்கிறது, எனக்குத் தமிழும் அவளுக்கு அவள் பாஷையும் தவிர வேறு தெரியாததால் நாங்கள் இரண்டு பேரும் பார்க்கும்போதெல்லாம் சிரித்துச் சிரித்தே காலம் தள்ளுகிறோம். பூசைக்குப் போகிறோம். வருஷத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இந்தப் பூசை, கட்டாயம் வரணும் என்று ஜாஸ்பின் ஒரு வாரமாக என் பின்னாலேயே நடந்தாள். எந்தக் கோயில், எந்த அந்தோணியாருக்கு, எந்த மாதாவுக்கு என்று கேட்டால், "நம்ம சபை இல்லம்மா, ஆனாலும் அதே ஆண்டவருதான், வந்து பாருங்க" என்பாள், கண்ணைப் பார்த்துச் சொல்லமாட்டாள். அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததில் இருந்து உடுப்பு மாட்டுவதிலேயே சந்தேகம் மறந்துபோனது. கம்பளி உள்பாவாடை, அதற்கு மேல் பேன்ட், பேன்ட்டுக்கு மேல் ஜாஸ்பினின் சிநேகிதி யாரோ கொடுத்த ஊதிப்போன நீலநிறச் சட்டைபேன்ட் ஒன்றாய்த் தைத்தது, காலில் இரண்டு உறை, கையில் இரண்டு உறை. கோயிலுக்கு முக்காடு போட வேண்டாமா என்றேன். கம்பளித் தொப்பியை இழுத்துக் காதுவரை மாட்டிவிட்டு, "இதுதான் முக்காடு" என்றாள். மெற்றில்டா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உன்னை இந்தக் கோலத்தில் ஊரில் எவளாவது பார்த்தால் அடையாளம் தெரியுமா. மீன்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஐஸ் வண்டிக்காரன் என்பார்கள்.

ஐலா முன்னால் இருந்து ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பெல்ட்டைக் கழற்றினாள். ஜாஸ்பினும் கழற்றினாள், பிறகு என் பக்கம் சாய்ந்து என் பெல்ட்டையும் கழற்றிவிட்டாள். "எட்டி, இத்தன நாளும் போடு போடுன்னு உயிர வாங்கின, இப்ப என்னத்துக்குக் கழத்துத?" என்றேன். "இங்க போடக் கூடாதும்மா." "ஏன், போலீசு பிடிப்பானா?" அவள் என் உறை போட்ட கையைத் தன் உறை போட்ட கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இவ்வளவு நேரமும் ரோட்டின் இரண்டு பக்கமும் வந்துகொண்டிருந்த மரங்களைக் காணோம். மரத்துக்குப் பதிலாக வெள்ளையில் குத்தி நிறுத்திய சின்னச் சின்னக் கிளைகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, வழி தெரிவதற்காக யாரோ நட்டு வைத்த மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வேலி இல்லை, கம்பம் இல்லை, வரப்பு இல்லை, வானம் வந்து தொடுகிற இடம் மட்டும் ஒரே சீராய்க் கோடு போட்ட மாதிரி. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். பிறந்ததில் இருந்து தெரியும். வயலுக்கு அந்தக் கோடு கிடையாது. "ஜாஸ்பினு" என்றேன். "ரோடு முடிஞ்சாச்சும்மா" என்றாள். "இது கடலு. ஒறஞ்சு கெடக்கு. வண்டி போலாம், பயப்படாதிய."

பெல்ட்டைக் கழற்றியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது, கட்டி உடைந்தால் உடனே வெளியே குதிக்க. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். காருக்குள் காலைத் தூக்கி என்ன ஆகப் போகிறது, பாரம் குறையுமா, ஆனால் காரின் தரையில் காலை வைக்கப் பிடிக்கவில்லை, ஏனென்றால் தரைக்குக் கீழே டயர், டயருக்குக் கீழே பனி, பனிக்குக் கீழே. அதற்கு மேல் நினைப்பு போகமாட்டேன் என்று நின்றது. நின்ற இடத்திலேயே சுற்றியது. கடலைப் பார்க்கக் கூடாது என்றுதானே வீட்டை விட்டேன். கடற்கரையில் கட்டின வீடு, அலை சத்தம் கேட்காமல் ஒரு நாளும் கண் மூடினதில்லை, அதைப் பூட்டிச் சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு நாகர்கோவிலில் சந்துக்குள் சந்தாக ஒரு வாடகை வீடு பார்த்தேன், சத்தம் கேட்காத இடமா என்று மட்டும்தான் கேட்டேன், தண்ணீர் வருமா என்றுகூடக் கேட்கவில்லை. அங்கேயும் முதல் சில மாதம் காதுக்குள் அது இரைந்துகொண்டே இருந்தது. ஜாஸ்பினுடைய அப்பா தங்கலுக்குப் போனவர். தங்கல் என்றால் எங்கள் ஊரில் ஆழ்கடலுக்குப் போய் நாள் கணக்கில் அங்கேயே தங்கி மீன் பிடிப்பது, போய்விட்டு ஐஸ் தீர்ந்ததும் கரைக்கு வந்துவிடுவார்கள். அவியளும் அப்படித்தான் போனாவ. அந்த வாரம் புயல் வந்தது. எல்லாக் கடலும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டுதான் கிடக்கிறது, எந்தக் கரையில் காலை நனைத்தாலும் எல்லாக் கரையிலும் நனைத்த மாதிரிதான் என்று ஒரு தடவை வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னாவ, பெரிய ஞானம் சொன்ன மாதிரி ஒரு முகம் வேறு. அப்படியென்றால் இந்தக் கடலும் அதைத் தொட்டுக்கொண்டுதானே கிடக்கும். அப்படியென்றால் இந்த வெள்ளைக்குக் கீழே. காலை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். முட்டி முன்சீட்டில் இடித்தது. ஐலா கண்ணாடியில் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை, தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள், குழந்தையைத் தூங்க வைக்கிறவர்கள் ஆட்டுவதுபோல.

புயல் அடித்தபோது கோயில் மணி நிற்காமல் அடித்தது. யார் அடித்தார்கள் என்று தெரியாது, மணிக்கயிறு கையில் கிடைத்தவர்கள் எல்லாம் அடித்திருப்பார்கள். தென்னை மரங்கள் வளைந்து தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. நாங்கள் பெண்கள் எல்லாரும் மணலில் நின்றோம், வாய் திறந்தால் மணல், அழுதால் மணல். அப்புறம் ஒவ்வொரு நாளும் கோயில் முற்றத்தில் நின்று படகுகளின் பேரை வாசித்தார்கள், இந்தப் படகு அந்தக் கரையில் ஒதுங்கியது, இந்தப் படகில் இத்தனை பேர் உயிரோடு, பேர் கேட்டவள் ஓவென்று கத்திக்கொண்டு மண்ணில் விழுவாள், சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே கத்தல்தான், பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் எது என்று தெரியும். எங்கள் படகின் பேர் கடைசிவரை வரவில்லை. படகில் போன மற்றவர்கள் வீட்டுக்கும் யாரும் திரும்பவில்லைதான். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்தார்கள். பெட்டி செய்து, உள்ளே ஒரு சட்டையும் இடுப்பில் கட்டுகிற சாரமும் ஜெபமாலையும் வைத்து, கல்லறையில் இறக்கி, சிலுவை நட்டு, பூசை வைத்தார்கள். என் வீட்டுக்கும் சாமியார் வந்தார். நல்ல மனுஷன், வாசலில் நின்று வெயிலில் வியர்த்துக்கொண்டே, "மெற்றில்டா, அவரு ஆத்துமாவுக்கு எளப்பாறுதல் வேண்டாமா?" என்றார். "அவியளுக்க ஆத்துமா அவியளுக்க ஒடம்புக்குள்ளதான் சாமி இருக்கு, எங்கயோ கரையேறி இருப்பாவ, வருவாவ" என்றேன். சட்டை தரமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜாஸ்பின்தான் போனில் ஒரு தடவை, "அம்மா, அப்பாக்கு ஒரு பூசையாவது" என்று ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். பூசை வைத்தால் அதோடு முடிந்துபோகும். கடல் கொன்றதா என்று எனக்குத் தெரியாது, பூசை வைத்தால் நான் கொன்றதாகிவிடும்.

கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. எல்லாரும் அதைப் பார்த்து, மெற்றில்டாவின் விசுவாசத்தைப் பாருங்கள் என்றார்கள். விசுவாசமாவது ஒன்றாவது. சண்டை போட்டவள் வீட்டு வாசலில் தினமும் போய் இடுப்பில் கைவைத்து நிற்கிற மாதிரி நான் நின்றேன். ஆண்டவரும் ஒரு படகில் போனாரே, புயல் வந்தபோது பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கினாரே, கூடப் போனவர்கள் எழுப்பினதும் எழுந்து, காற்றை ஒரு அதட்டு, கடலை ஒரு அதட்டு, உடனே எல்லாம் அடங்கிப்போச்சே. எங்கள் சனத்துக்கு அந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம், பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் படகிலும் அவர் படத்தை இஞ்சினுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார்கள். நீர் அன்றைக்கு எந்தப் பக்கம் படுத்திருந்தீர் ஆண்டவரே, அவர்கள் எழுப்பவில்லையா, எழுப்பியும் எழும்பவில்லையா, இல்லை அந்தக் கதையே. அந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். அதற்கு அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் வாசலில் நிற்கவும் முடியாது. கார் வேகம் குறைந்தது. நின்றது. நான் கண்ணை மூடியிருந்தேன் போல. "வந்தாச்சும்மா" என்றாள் ஜாஸ்பின். கண்ணைத் திறந்தேன். முன்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள், பாரம் ஒரே இடத்தில் சேரக் கூடாதாம். எதிர்ப்பக்கம் தூரத்தில் கறுப்பாய் ஒரு தீவு, அங்கிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், காலில் பலகை கட்டிச் சறுக்கிக்கொண்டு, பிள்ளைகளைச் சின்னச் சறுக்குப்பலகையில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு. நடுவில் பனிக்கட்டியையே வெட்டி அடுக்கிய ஒரு பீடம், அதன்மேல் ஒரு மரச்சிலுவை. வேறு ஒன்றும் இல்லை. "கோயில் எங்கட்டி?" என்றேன். "இதாம்மா" என்றாள். "தீவுக்காரங்க பாதி வழி வருவாவ, கரைக்காரங்க பாதி வழி வருவாவ. கடல் நல்லா ஒறையிற மாசத்துல ஒரே ஒரு நாளு."

"நான் எறங்கமாட்டேன்." "அம்மா." "எறங்கமாட்டேன்னு சொன்னேம்லா. ஒனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்திருக்க, என்ன ஏமாத்தி." "சொல்லியிருந்தா வந்திருப்பியளா?" அவள் குரலில் கோபம் இல்லை. ஐலா இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. வந்தது என்பது சரியில்லை, முகத்தில் கை வைத்தது. மூக்குக்குள் இருக்கிற ஈரம் சட்டென்று இறுகிக் குத்தியது. ஐலா குனிந்து, தன் முழங்கையில் இருந்து விரல் நுனிவரை தொட்டுக் காட்டி, காலால் தரையை இரண்டு தடவை ஓங்கி மிதித்தாள். "அவ்வளவு தடியாம்மா" என்றாள் ஜாஸ்பின், "மீன் லாரி போனாலும் தாங்கும்." மீன் லாரி என்று அவள் சொன்னது எனக்காகத்தான். ஐலா கையை நீட்டியபடியே நின்றாள், நீட்டின கையை எடுக்கவே இல்லை, அவளுக்கும் குளிராதா, இந்த வயசில் முட்டு வலிக்காதா. ஆண்டவர் கூப்பிட்டுத் தண்ணீர்மேல் நடக்கப் போன இராயப்பரும் படகை விட்டுக் காலை வெளியே வைக்கும்போது இப்படித்தான் ஒரு காலை வைத்து ஒரு காலைப் படகிலேயே வைத்திருப்பார், அவர் மீன்காரர், தண்ணீர் என்ன செய்யும் என்று தெரிந்தவர். மற்றவர்களுக்குப் பயம் அலையைப் பார்த்து வரும், தெரிந்தவனுக்குப் பயம் காலில் இருந்து வரும். ஒரு காலை வைத்தேன். அப்போது சத்தம் கேட்டது. எங்கோ வெகுதூரத்தில் இருந்து கிளம்பி, என் காலுக்குக் கீழே ஓடி, அந்தப் பக்கம் தீவை நோக்கிப் போயே போனது, பெரிய கோயிலுக்குள் யாரோ ஒரு பெஞ்சை இழுத்த மாதிரி, இல்லை, திமிங்கலம் கனைத்த மாதிரி, இல்லை, எனக்கு அதற்கு ஒப்புச் சொல்லத் தெரியவில்லை. நான் ஐலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சுற்றியிருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒருத்தி பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கட்டி இறுகும்போது அப்படித்தான் சத்தம் வரும்மா, நல்லதுதான்" என்றாள் ஜாஸ்பின். அடுத்த காலையும் எப்போது வைத்தேன் என்று தெரியாது. நின்றுகொண்டிருந்தேன்.

கடலின்மேல் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பெண்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், கரை வரைக்கும்தான் எங்கள் எல்லை, மீன் வந்து மணலில் கொட்டினபிறகுதான் அது எங்களுடையது. இவ்வளவு வருஷத்தில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை நான். இன்றைக்கு நடுக்கடலில், கால் நனையாமல். முதலில் எனக்குப் புரிந்தது சத்தம் இல்லை என்பது. கடல் இருக்கிறது, இரைச்சல் இல்லை. சந்துக்குள் ஒளிந்துகொண்டும் காதைவிட்டுப் போகாத அந்த இரைச்சல் இங்கே, அதன் நெஞ்சின்மேலேயே நிற்கும்போது இல்லை. வெயில் இருந்தது, சூடில்லாத வெயில், தாழ்வாக வந்து, பனியில் ஒவ்வொரு பொடியையும் தனித்தனியாக எடுத்துக் காட்டியது. இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரு அலைகூட எழும்பவில்லை. யார் சொன்னது இதற்கு, இரையாதே என்று. யார் சொல்லி இது இப்படி வாயைப் பொத்திக் கிடக்கிறது. காற்று அடித்துத் துடைத்த ஒரு இடத்தில் பனி விலகி உள்ளே கறுப்பாய்க் கண்ணாடி தெரிந்தது, குனிந்து உறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன், சுட்டது, குளிர் சுடும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடிக்குள்ளே வெள்ளை வெள்ளையாய்க் குமிழிகள், கீழே இருந்து மேலே வந்துகொண்டிருந்தவை, வந்த வழியில் அப்படியே ஒன்றுக்கு மேல் ஒன்றாய் நிறுத்தப்பட்டிருந்தன. யார் விட்ட மூச்சோ. மீன் விட்டதாக இருக்கும். மீன்தான். பயமாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம் முன்னால் காரில் இருந்த பயம் இல்லை. அது என்னைச் சுருட்டி வைத்த பயம். இது வேறு. முதல்தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் போன அன்றைக்கு, ஒன்றும் புரியாத வயசில், பீடத்தைப் பார்த்து வயிற்றுக்குள் ஒன்று இறங்கியதே, அந்த மாதிரி. உம்மால் முடியும் என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன் போல, ஜாஸ்பின் திரும்பிப் பார்த்தாள். உம்மால் முடியும், இவ்வளவு பெரிய கடலை ஒரு சத்தமும் இல்லாமல் பிடித்து நிறுத்த உம்மால் முடியும். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன், இத்தனை வருஷமும் கேட்ட கேள்விதானே, ஆனால் அது வெளியே வந்து இந்த வெளியில் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கிடைக்கவில்லை. ஆனால் இதுவரைக்கும் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், இன்றைக்கு ஆளைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு பெரிய ஆள். நான் எவ்வளவு சின்னவள். கம்பளித் தொப்பியும் நீலச் சட்டையுமாக ஒரு மீன்காரி, அவள் கேட்பதற்கும் காது கொடுத்து அவர் நிற்கிறார், கடலைப் பிடித்துக்கொண்டே.

பீடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பனிக்கட்டியில் ஒரு குழி வெட்டியிருந்தார்கள், வலை இறக்குகிற குழி. பக்கத்தில் ஒரு வயசாளி முக்காலியில் உட்கார்ந்திருந்தார், தீவுக்காரர், மீன்பிடிக்காரர், பேர் வெய்க்கோ என்று ஐலா அறிமுகம் செய்தாள். காலடியில் நாலைந்து மீன் விறைத்துக் கிடந்தன, எனக்குப் பேர் தெரியாத மீன், ஆனால் செவுளைப் பார்த்தே இன்றைக்குக் காலையில் ஏறினது என்று தெரிந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். அது சும்மா இல்லை. மெதுவாய் ஏறிற்று, மெதுவாய் இறங்கிற்று, தூங்குகிறவர்களின் வயிறு மாதிரி. ஆக, அடங்கிக் கிடக்கிறதே தவிர சாகவில்லை. முட்டுப்போட்டு விரலை விட்டு நாக்கில் வைத்தேன். "அம்மா!" என்று ஜாஸ்பின் கத்தினாள். உப்பு இல்லை. திரும்பவும் விட்டு நக்கினேன், எங்கோ கடைசியில் கொஞ்சம் இருந்ததோ என்னவோ. "எட்டி, இதுல உப்பு இல்ல." "ஆறெல்லாம் வந்து விழுதும்மா, இந்தக் கடல்ல உப்பு ரொம்பக் கம்மி." வெய்க்கோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்பினிடம் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், கடல், மீன் என்று கையால் காட்டினாள். அவர் எழுந்து நின்றார். எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், எனக்கு மரியாதை செய்கிறாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

மணி இல்லை, ஒரு பையன் இரும்புத் துண்டை இன்னொரு இரும்பால் தட்டினான், எல்லாரும் பீடத்தைச் சுற்றிக் கூடினார்கள். சாமியார் எங்கே என்று பார்த்தால், தடிக் கோட்டுக்கு மேல் வெள்ளை அங்கி மாட்டி முன்னால் வந்தது ஒரு பெண். "இவுங்களா?" என்றேன். "இவுங்கதான்" என்றாள் ஜாஸ்பின். சரி, இன்றைக்கு எதைத்தான் நான் நம்பமாட்டேன் என்று சொல்வது. பாட்டுத் தொடங்கினார்கள். மெதுவான பாட்டு, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, புத்தகம் யாரிடமும் இல்லை, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு பாடினார்கள், ஒவ்வொருவர் வாயிலிருந்தும் பாட்டு வெள்ளையாய் வெளியே வந்து தலைக்கு மேலே போய்க் கலந்தது. பாட்டைக் கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான். எனக்கு வார்த்தை தெரியாது, ராகத்தில் மட்டும் ம் ம் என்று சேர்ந்துகொண்டேன், என் வாயிலிருந்தும் வந்தது, அவர்களுடையதும் என்னுடையதும் ஒரே நிறமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் சாமியார் ஒரு வாசகம் வாசித்தாள். என்ன வாசகம் என்று ஜாஸ்பின் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் குரல் நடுவில் ஒரு இடத்தில் ஓங்கி, பிறகு சட்டென்று தாழ்ந்தது, படகில் தூங்கினவர் எழுந்த இடம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு வெய்க்கோ பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் சத்தமாக ஒரு பேரைச் சொன்னாள். கூட்டம் முழுக்க அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. அப்புறம் பின்னாலிருந்து ஒருவன் ஒரு பேர், எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். "செத்தவங்க பேரா?" என்றேன் ஜாஸ்பினின் காதில். அவள் திரும்பி ஐலாவிடம் கேட்டாள், ஐலா ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னாள், ஜாஸ்பின் அதை வாய்க்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, "செத்தவங்கன்னு இவுங்க சொல்றதில்லயாம்மா. கடலுக்குப் போயி திரும்பாதவங்களுக்கு இவுங்க பாஷையில வேற சொல்லு. கடல்ல... கடல்ல தங்கினவங்கன்னு அர்த்தம்" என்றாள். "தங்கினவங்களா?" என்றேன். "ஆமாம்மா. தங்கல்." அவள் கண்ணில் நீர் நின்றது, குளிரில் வழியாமல் இமையிலேயே நின்றது. "போன வருஷமும் நான் வந்தேன். தனியா. எல்லாரும் சொன்னாவ. நான் சொல்லல்ல. நீங்க சொல்லாம நான் எப்பிடிம்மா சொல்லுவேன்?" ஒரு வருஷமாக இவள் இதை வைத்துக்கொண்டு போனில், சாப்பிட்டியளா, மருந்து எடுத்தியளா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னொரு பேர். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், பாட்டு வந்துவிடும், காரில் ஏறிவிடலாம். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவியளுக்க பேரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் ரேஷன் கடையில் கேட்டாலும் ஜாஸ்பினைத்தான் சொல்ல வைப்பேன், அவளும் இல்லையென்றால் கழுத்துச் சிலுவையில் இருக்கிற பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, அவருக்க அடிமை என்பேன், புரிந்துகொள்வார்கள். பூசையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், சட்டையும் தரமாட்டேன். ஆனால் தங்கியிருக்கிற மனுஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். தங்கலுக்குப் போனவர்களைக் கரையில் நின்று கூப்பிடுவது ஒன்றும் புதிசில்லையே.

"சேசடிமை" என்றேன்.

சேசுவுக்கு அடிமை என்ற அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, எல்லாரும் திரும்பினார்கள். ஜாஸ்பின் என் கையை நொறுக்கிவிடுவதுபோலப் பிடித்தாள். அந்தக் கூட்டம், ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் அவியளைத் தெரியாது, சிவந்த மூக்கும் நரைத்த இமையுமாக அத்தனை பேரும் வாயைத் திறந்து, "சேசாதிமை" என்றார்கள். ஆனால் அது சரியில்லை. நான் தலையை ஆட்டினேன். "சா இல்ல, ச. தி இல்ல, டி. சேசடிமை." "அம்மா, பரவால்லம்மா" என்றாள் ஜாஸ்பின் அழுதுகொண்டே. பரவாயில்லையா, எப்படிப் பரவாயில்லை, கூப்பிடுவதைச் சரியாகக் கூப்பிட வேண்டாமா. பெண் சாமியார் என்னைப் பார்த்து, தன் வாயைக் காட்டி, இன்னொரு தடவை என்பதுபோல் கையசைத்தாள். நான் தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, "சேச... டிமை" என்றேன். "சேச-டிமை" என்றார்கள். ஒரு குழந்தை மட்டும் பின்னால் தனியாகச் சொன்னது. "சேசடிமை" என்றேன். "சேசடிமை" என்றார்கள். சரியாகச் சொன்னார்கள். அது அந்த வெள்ளைமேல் ஓடிப் போயிற்று, எதிலும் முட்டாமல் போயிற்று.

வெய்க்கோ தொண்டையைச் செருமினார். அவருக்கு ஒரு அண்ணன் உண்டாம், இருவரும் இளவட்டமாக இருந்தபோது கடலுக்குப் போய்த் திரும்பாதவராம். அண்ணன் பேரைச் சொன்னார். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள், நானும் சொன்னேன், "ஊரியோ." அவர் கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று. உதட்டைக் குவித்து, கன்னத்தை இழுத்து, ஊவுக்கும் ஈக்கும் நடுவில் ஒரு சத்தம் எழுப்பிக் காட்டினார். நானும் உதட்டைக் குவித்தேன். "யூர்யோ" என்றேன். இன்னும் இல்லை என்றார், ஆனால் சிரித்தார். குளிரில் உதடு மரத்துப் போயிருந்தது. மறுபடியும் சொன்னேன்.